அளவு நோட்டுல எங்க வீட்டுப் பக்கம்

நீ தூங்கியிருப்ப. பரவால்ல, காலைல பாத்துக்கோ. வாய்ஸ் அனுப்ப முடியாது, பக்கத்துக் கட்டில்ல அத்தை படுத்திருக்காங்க. குறட்டை ஓடிட்டிருக்கு. அது நின்னா நானும் நிறுத்திடுவேன்.

நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு எங்கம்மா ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்துரும். வந்ததும் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கும். அதை நான் கிழிச்சுப் போட்டுட்டேன். இருட்டுல டைப் அடிக்கிறேன். எழுத்து முன்னப் பின்ன இருந்தா நீயே சேத்துப் படிச்சுக்கோ.

உன்கிட்ட ஏன் சொல்றேன்னா, அன்னைக்கு கிளாஸ்ல நீ ஒருத்திதான் சிரிக்கல. ஒருவேளை உனக்குக் காதுல விழலையோ என்னவோ. நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன்.

எங்களுது யூனிஃபார்ம் தைக்கிற கடைன்னு உனக்குத் தெரியும். முன் ரூம் கடை, பின்னாடி ரெண்டு ரூம் வீடு. அப்பா துணி வெட்டுவாரு. அம்மா அளவெடுக்கும், தைக்கும். கடையில ஒரு அளவு நோட்டு இருக்கு, தலைக்கு வெச்சுப் படுக்கலாம், அவ்ளோ தடி. ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். இடது ஓரத்துல அந்த வீட்டுப் பிள்ளைங்க, ஆளுக்கு ஒரு வரி. ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு கட்டம். கட்டத்துக்குள்ள நெஞ்சு, தோள், கை, நீளம். பள்ளிக்கூடம் தொறக்கிறதுக்கு முன்னாடி பிள்ளைங்கள வரிசையா நிக்க வெச்சு அம்மா அளந்து எழுதும். அந்தப் பக்கத்தைப் பாத்தாலே போதும், எந்த வீட்டுப் பையன் எந்த வருஷம் திடீர்னு வளந்தான், எந்தப் பொண்ணு கூன் போட ஆரம்பிச்சான்னு எங்கம்மா சொல்லிடும்.

எங்க வீட்டுக்கும் ஒரு பக்கம் இருந்துச்சு. அதுல நாலு வரி. பெருசு, பாப்பா, சின்னது, குட்டி. பாப்பாங்கிறது நான். மத்த மூணும் பொறக்கவே இல்ல.

ஆமா. பெருசு எனக்கு முன்னாடி, ரெண்டு மாசத்துல போயிருச்சு. சின்னதும் குட்டியும் எனக்கப்புறம், ரெண்டும் மூணு மாசம் தாண்டல. ஸ்கேன் மெஷினுக்கே ஆணா பொண்ணான்னு தெரியாது. எங்கம்மாவுக்குத் தெரியும். பெருசுக்குப் பேன்ட், சின்னதுக்கு ஸ்கர்ட், குட்டிக்கு டவுசர். பள்ளிக்கூடம் சேர்ற வயசு ஆனதும் கட்டம் போட ஆரம்பிச்சுது. வருஷா வருஷம் என்னை நிக்க வெச்சு அளக்கும், அப்புறம் டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு செவத்தை ஒரு நிமிஷம் பாக்கும், மத்த மூணு கட்டத்தையும் நிரப்பிடும். கடை வேலையில எல்லாத்தையும் ஒண்ணுக்கு ரெண்டு தடவ அளக்கிற பொம்பளை. இதுக்கு மட்டும் செவுரு போதும்.

எனக்கு ஒரு வருஷம் காய்ச்சல் வந்து ஒரு மாசம் படுத்திருந்தேன்ல, அந்த வருஷம் எனக்கு நெஞ்சளவு கூடவே இல்ல. பக்கத்தைப் பாத்தா சின்னதுக்கும் குட்டிக்கும்கூட கூடல. "ஏம்மா?"ன்னு கேட்டேன். "ஒரே வீட்டுல இருந்தா தொத்தாதா?"ங்குது. இல்லாத ரெண்டு பேருக்கு என் காய்ச்சல் தொத்திக்கிச்சாம். இந்த லட்சணத்துல நான் எங்க போய் சொல்ல?

இந்த வருஷம் பெருசு வரியில கட்டத்துக்குப் பதிலா, 'படிப்பு முடிஞ்சுது, இனி யூனிஃபார்ம் வேண்டாம்'னு எழுதுச்சு. இருந்திருந்தா பதினெட்டு வயசாம்.

"பாஸ் ஆயிட்டானாம்மா? எவ்ளோ மார்க்கு?"ன்னு நான் நக்கலா கேட்டேன்.

நூலைப் பல்லால கடிச்சுக்கிட்டே, "உன்னவிடக் கூட"ன்னுச்சு.

பாத்தியா, அழுது வடியிற ஆள்னு நெனச்சிராத. அதான் எனக்கு இன்னும் எரியும். அழுதுட்டு இருந்தாலாவது பாவம்னு விடலாம். சீசன் இல்லாதப்ப ரவிக்கை தைக்க யாராவது வந்து "இது மூத்ததா?"ன்னு என்னைக் காட்டிக் கேட்டா, "இல்ல, இது ரெண்டாவது"ங்கும். "அப்ப மூத்தது எங்க படிக்குது?"ம்பாங்க. "அது தங்கல. கையத் தூக்குங்க, அக்குள் அளக்கணும்." அவ்ளோதான். கேட்டவங்கதான் கையைத் தூக்கிட்டு, முகத்தை எங்க வெக்கிறதுன்னு தெரியாம நிப்பாங்க.

நம்ம கிளாஸ் மைக்கு இருக்காளே, வாயத் தொறந்தா தெருக்கோடி வரைக்கும் கேக்குமே, அவ அவங்கம்மாவோட அளவு குடுக்க வந்தா. வந்தவ சும்மா நிக்காம நோட்டைப் பொரட்டிட்டா. மறுநாள் அட்டெண்டன்ஸ்ல என் பேரைக் கூப்பிட்டு நான் "உள்ளேன்"னதும், பின்னாடிலேர்ந்து அவ, "டீச்சர், மத்த மூணு பேரும் ஆப்சென்ட்!"

டீச்சர்கூட ரெஜிஸ்டரை வாய்க்கு மறைப்பா வெச்சுக்கிட்டாங்க. படிச்சவங்க இல்லியா, நாகரிகமா சிரிச்சாங்க.

அன்னையிலேர்ந்து அந்தப் பக்கத்தைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

இதுல இன்னொரு கூத்து. மூணு வருஷத்துக்கு முன்னாடி சீசன் நேரம், வேலை தலைக்கு மேல. கூட ஒரு கட்டரைக் கூப்பிட்டிருந்தாங்க. வெறும் ஒரு மாசத்துக்கு. அந்த மனுசன் நோட்டைத் தொறந்தாரு, அடையாளத் துணி வெச்சிருந்த பக்கம் எங்க பக்கம். இதுவும் ஆர்டர்தான்னு நெனச்சு நாலு பேருக்கும் கடகடன்னு வெட்டித் தள்ளிட்டாரு. அப்பா வந்து பாக்குறாரு, மேசை மேல பெருசோட சட்டை முதுகுத் துண்டு, சின்னதோட ஸ்கர்ட்டு, குட்டியோட டவுசரு. உலகத்துல வேற எந்தக் கடையிலயாவது இந்தத் தப்பு நடக்குமா சொல்லு.

அப்பா திட்டுவாருன்னு பாத்தேன். துண்டையெல்லாம் அடுக்கி, நம்பர் சீட்டு கட்டி, அம்மா மெஷின் பக்கத்துல வெச்சுட்டுப் போயிட்டாரு. அம்மாவும் தச்சுது. காஜா ஓட்டை எடுத்து, பட்டன் வெச்சு, தேய்ச்சு, கவர்ல போட்டு மேல் பரண்ல வெச்சிருச்சு. அப்போ வந்திருந்த அத்தை பாத்துட்டு, "ஆளே இல்ல, அதுக்குக் காஜா அடிக்கிறா பாரு"ன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அத்தையோட சேந்து. பொய் சொல்லப் போறதில்ல உன்கிட்ட.

இப்ப அஞ்சாவதுக்கு வரேன்.

அம்மாவுக்கு நாப்பது வயசு. மாசமா இருக்குன்னு தெரிஞ்சப்ப எனக்கு வெக்கம் பிடுங்கித் தின்னுச்சு. அத்தை போன்ல, "பொண்ணு வயசுக்கு வந்த வீட்டுல இதென்னடி அசிங்கம்"ன்னாங்க. அம்மா ஸ்பீக்கரை ஆஃப் பண்ணிருச்சு, எனக்கு அதுக்குள்ள கேட்டுருச்சு. ஆனா இது தங்குச்சு. மூணு மாசம் தாண்டுச்சு, நாலு தாண்டுச்சு. அஞ்சாவது மாசம் அம்மா மெஷின்ல உக்காந்திருக்கிறப்ப என் கையைப் பிடிச்சு வயித்துல வெச்சுது. உள்ள என்னவோ புரண்டுச்சு. நான் வெடுக்குன்னு கையை இழுத்துக்கிட்டேன். "ச்சீ"ன்னேன்.

அந்த 'ச்சீ'யை நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லல. அதுக்கப்புறம் ஆறாவது நாள் வலி வந்துருச்சு.

எனக்குத் தெரியும், நான் சொன்னதால இல்ல. டாக்டரும் காரணம் எதுவும் சொல்லலையாம். ஆனா இந்த நேரத்துல தனியா முழிச்சுக்கிட்டுப் படுத்திருந்தா அதெல்லாம் தெரிஞ்சும் ஒண்ணும் ஆகல.

நாலு நாளா அம்மா ஆஸ்பத்திரியில. பொம்பளைங்க வார்டு, ராத்திரி அப்பாவை உள்ள விடமாட்டாங்க. அத்தை பெட்டியோட வந்து எறங்கிட்டாங்க. அப்பாவுக்கு அக்கா. உதவிக்கு வந்திருக்காங்களாம். வந்த மொத நாளே எங்க சமையல் டப்பா எல்லாத்தையும் எடம் மாத்தி, உப்பு எங்கன்னு எங்களையே கேக்க வெச்சாங்க. அதான் உதவி.

ஆறுதல் சொல்ல வர்றவங்களையும் நீ பாத்திருக்கணும். வாசல்ல ஒவ்வொருத்தரா நின்னு, ஒரே டயலாக். "இன்னும் வயசிருக்கு"ன்னு ஒருத்தங்க. "இனிமே வயசில்ல, நல்லதாப் போச்சு"ன்னு அடுத்தவங்க. நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டு வாங்கன்னு சொல்லலாம்னு இருந்துச்சு. "அதான் ஒண்ணு முழுசா இருக்கே"ன்னு என் தாடையைப் பிடிச்சு ஆட்டினாங்க ஒருத்தங்க. கடையில கண்ணாடி வளவி வாங்குறப்ப அடுக்குல ஒண்ணு ரெண்டு விரிசல் விட்டிருந்தா சொல்வாங்களே, அந்தக் குரல்.

இன்னைக்குக் காலைல டீ குடிச்சுக்கிட்டே அத்தை ஆரம்பிச்சாங்க.

"தம்பி, நாளைக்கு அவ வர்றதுக்குள்ள வீட்டைச் சுத்தம் பண்ணிடணும். ஸ்கேன் படம், கொழந்தைக் குல்லா, எல்லாம். முக்கியமா அந்த நோட்டு. பாத்தா ஞாபகம் வரும்."

ஞாபகம் வருமாம். அம்மாவுக்கு மறந்து போயிருக்கும், நோட்டைப் பாத்ததும் பளிச்சுன்னு ஞாபகம் வந்துரும். என்ன மூளை!

"இப்ப இதையும் சேத்து அஞ்சு வரி போடுவா. எனக்கும்தான் ஒண்ணு போச்சு. செவ்வாக்கெழம, நல்ல மழை, சாயந்தரம் நாலு நாலரை இருக்கும். மறுநாளே எழுந்து துணி தொவச்சேன். நோட்டா போட்டேன்? சரிதானேடா?"

அப்பா டீயைப் பாத்துக்கிட்டே, "ம்"ன்னாரு.

அந்த 'ம்' இருக்கே. எங்கப்பாவைப் பத்தி ஒரே எழுத்துல எழுதணும்னா அதான். அவர் பொண்டாட்டியோட நோட்டு. அவர் கடை. அவர் பிள்ளைங்க. 'ம்'. சைக்கிளை எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாரு.

அத்தை என்னைப் பாத்தாங்க. "நீயே பண்ணிடு. நான் தொட்டா நாளைக்கு என்னைச் சொல்லுவா. நீன்னா ஒண்ணும் சொல்லமாட்டா."

எவ்ளோ தெளிவு பாரு. நானும் பெரிய யோக்கியம் மாதிரி தயங்கலாம் இல்ல. தயங்கல. நோட்டை எடுத்தேன், பக்கத்தைத் தொறந்தேன், "இந்தப் பைத்தியக்காரத்தனம் இன்னையோட ஒழியட்டும்"னு சத்தமா சொன்னேன். அத்தைக்குக் கேக்கணும்னே சொன்னேன். சர்ருன்னு கிழிச்சேன். நாலாக் கிழிச்சேன், எட்டாக் கிழிச்சேன். மைக்கு மூஞ்சி ஞாபகம் வந்துச்சு, இன்னும் பொடியாக் கிழிச்சேன். வெட்டுத்துணி போடுற மூட்டைக்குள்ள போட்டு, மேல நாலு துண்டைத் தள்ளி மூடினேன். மத்தியானம் துண்டுத்துணிக்காரர் வந்து மூட்டையைத் தூக்கிட்டுப் போனாரு. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

மூணு மணிக்கு அம்மா போன் பண்ணுச்சு.

குரல் கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருந்துச்சு. "சாப்டியா? அத்தை உப்பு டப்பாவை எங்க வெச்சாங்க?"ன்னு கேட்டுச்சு. சிரிப்பு வந்துருச்சு எனக்கு. அப்புறம்தான் சொல்லுச்சு.

"பாப்பா, நோட்டை எடு. நம்ம பக்கத்துல கடைசியா ஒரு வரி கோடு போட்டு வை."

"எதுக்கும்மா?"

"இதை எங்கிட்ட குடுத்தாங்க. நர்சம்மா, 'எதுக்குக் கையில வாங்குறீங்க, அப்புறம் தூக்கம் வராது'ன்னாங்க. குடுங்க, எனக்கு வேலை இருக்குன்னேன். டேப்பு இல்ல. கையால அளந்தேன். தலையிலேர்ந்து குதிகால் வரைக்கும் ஒரு சாண், ஒரு விரல். என் சாண் ஒம்பது இஞ்சுன்னு உனக்குத் தெரியும்ல, பத்துன்னு போடு."

நான் வெட்டுத்துணி மூட்டை இருந்த எடத்தைப் பாத்தேன்.

"மத்ததெல்லாம் நான் குத்துமதிப்பாத்தான் போட்டது, பாப்பா. எனக்கும் தெரியும். இது ஒண்ணுதான் நெசமா அளந்தது. நான் வர்றதுக்குள்ள மறந்துருவேனோன்னு பயமா இருக்கு, மாத்திரை வேற மாத்தி மாத்திக் குடுக்குறாங்க. எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்"னேன்.

"எங்க, படி."

"பத்து இஞ்சு."

"ம். வெச்சுடு. மெஷினுக்கு எண்ணெய் போடு."

எனக்கும் தெரியும்னுச்சு பாரு. எத்தனை வருஷமா நான் ஏதோ பெரிய அறிவாளி மாதிரி, எங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு கிண்டல் பண்ணிட்டு இருந்திருக்கேன். குத்துமதிப்புன்னு அதுக்குத் தெரியாதா? இருவது வருஷமா டேப்பைப் பிடிச்ச கை.

ஓடினேன். செருப்புகூட சரியா மாட்டல. துண்டுத்துணிக்காரரோட கொட்டகை மூணு தெரு தள்ளி. உள்ள போனா முப்பது மூட்டை அடுக்கியிருக்கு.

"எங்க மூட்டை எதுங்க?"

"எப்பிடிம்மா சொல்றது. அடையாளம் ஏதாவது இருக்கா?"

"நீலத் துணி இருக்கும்."

அவர் என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. "சீசன் முடிஞ்ச நேரம். மூணு கடை மூட்டை, மூணும் யூனிஃபார்ம். எல்லாமே நீலம்தாம்மா. என்ன தொலைச்ச, மோதிரமா?"

"பேப்பரு."

"பேப்பருக்கா இந்த ஓட்டம்?" அவர் திரும்பி டீயை எடுத்துக்கிட்டாரு.

அஞ்சு மூட்டையைக் கொட்டிப் பாத்தேன். துணித் தூசி மூக்குல ஏறித் தும்மித் தும்மி கண்ணு செவந்துருச்சு. ரெண்டே ரெண்டு துண்டு கெடைச்சுது. ஒண்ணுல 'முடிஞ்சுது'ன்னு இருந்துச்சு. இன்னொண்ணு வெறும் கோடு. நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம்னு இருந்துச்சு.

வீட்டுக்கு வந்தா அத்தை, "எங்கடி போன தூசியும் தும்புமா? மூக்கைச் சிந்து"ங்கிறாங்க. வேற ஒண்ணும் கேக்கல. கேட்டாத்தானே தெரிஞ்சுக்கணும்.

அப்பத்தான் பரண் ஞாபகம் வந்துச்சு. ஸ்டூலைப் போட்டு ஏறினேன். மூணு கவரு. மூணு வருஷத் தூசி. சட்டையை எடுத்து மேசையில விரிச்சு, டேப்பைப் பிடிச்சு அளக்க ஆரம்பிச்சேன். தையல்கடைப் பொண்ணு இல்லியா, இதாவது வரும். ஒரு வருஷத்துக் கட்டமாவது கெடைக்குமேன்னு. பெருசு சட்டையோட நெஞ்சு முப்பத்தாறு வந்துச்சு. எழுதினேன்.

"முப்பத்திரெண்டு"ன்னு பின்னாடி சத்தம்.

அப்பா. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து கதவுல நிக்கிறாரு. வேட்டியில சைக்கிள் மசி.

"சட்டையளவு வேற, உடம்பளவு வேற. லூசுக்கு நாலு கழி. நோட்டுல இருந்தது முப்பத்திரெண்டு."

முப்பத்தாறை அடிச்சுட்டு முப்பத்திரெண்டுன்னு எழுதினேன். நோட்டைப் பாத்தாரு. கிழிஞ்ச ஓரத்தை விரலால ஒரு தடவ தடவினாரு. ஏன்னு கேக்கல. எதுக்குக் கேக்கணும், காலைலயே 'ம்'னு கையெழுத்துப் போட்டவராச்சே.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கட்டம் போட்டாரு. வெட்டுற ஸ்கேலை வெச்சு, துணிக்கு மார்க் பண்ற மாதிரியே. என் கையில பேனாவைக் குடுத்தாரு. செவத்தைப் பாத்துக்கிட்டு ஆரம்பிச்சாரு.

"பெருசு. மொத வருஷம். நெஞ்சு இருவத்திரெண்டு, தோள் ஒம்பதரை, கை அஞ்சு, நீளம் பதினாறு. அடுத்த வருஷம் நெஞ்சு இருவத்திமூணு. கை மட்டும் அஞ்சே முக்கா. எனக்குக் கை நீளம்ல, அதனால உங்கம்மா அவனுக்கு எப்பவும் கால் இஞ்சு கூடப் போடுவா."

சொல்லிக்கிட்டே போனாரு. நிக்கவே இல்ல. பெருசு முடிஞ்சு சின்னது, சின்னது முடிஞ்சு குட்டி. எனக்குக் காய்ச்சல் வந்த வருஷம்கூட மறக்கல. "அந்த வருஷம் ரெண்டு பேருக்கும் பழைய அளவே போடு"ன்னாரு. நான் எழுதி எழுதி விரல் மரத்துப் போச்சு.

"எப்பிடிப்பா?"

"வருஷா வருஷம் அவ எழுதி முடிச்சதும் எடுத்துப் படிப்பேன். வெட்டுறவன் ஒரு தடவ படிச்சா நிக்கும்."

நீ இப்ப, ஐயோ பாவம் அப்பான்னு உருகியிருப்ப. நான் உருகல. எனக்கு ஆத்திரம்தான் வந்துச்சு. இவ்ளோத்தையும் நெஞ்சுக்குள்ள வெச்சுக்கிட்டு ஒரு மனுசன் காலைல 'ம்'ன்னு சொல்லுவாரா? ஒண்ணும் தெரியாதவங்க பேசினா போகட்டும்னு விடலாம். இவரு எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு, அக்காவுக்குப் பயந்து டீ கிளாசைப் பாக்குறாரு. இத்தனை வருஷத்துல ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, 'பெருசுக்குக் கை என்னை மாதிரி'ன்னு அம்மாகிட்ட சொல்லியிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்?

கேட்டேன். வாய்விட்டே கேட்டேன். "சொல்லியிருக்கலாம்லப்பா?"

"என்னத்தச் சொல்ல"ன்னு கத்திரியைத் தொடைச்சாரு. அது சுத்தமாத்தான் இருந்துச்சு.

"சரி, என்னுது சொல்லுங்க"ன்னேன். ரெண்டாவது வரி காலியா இருந்துச்சு. எனக்கு அப்பத்தான் ஒறைச்சுது. அந்தப் பக்கத்துல என் வரியும்தானே இருந்துச்சு. பன்னெண்டு வருஷம். அதையும் சேத்துத்தான் நானே பொடிப்பொடியாக் கிழிச்சிருக்கேன்.

அப்பா முழிச்சாரு. உதட்டை அசைச்சாரு. செவத்தைப் பாத்தாரு, மேசையைப் பாத்தாரு.

"உன்னுது ஞாபகம் இல்ல."

"என்னது?"

"நீதான் எதிர்லயே நிக்கிறியே. வேணும்னா அளந்துக்கலாம்னு விட்டுட்டேன்."

இருக்கிறவளுக்கு மனப்பாடம் தேவையில்லையாம்! மூணு வருஷத்துக்கு முன்னாடி வெட்டின என் சட்டையாவது இருக்கும்னு பாத்தா, அதை நான் போட்டுக் கிழிச்சு எப்பவோ மெஷின் தொடைக்கிற துணி ஆயிருச்சு. அவங்களுது மட்டும் கவருக்குள்ள புத்தம்புதுசா இருக்கு. அழுறதா சிரிக்கிறதான்னு தெரியல. கடைசியில நில்லுன்னு சொல்லி அளந்தாரு. எங்கப்பா என்னை அளக்கிறது இதான் மொத தடவ. டேப்பு உடம்புல படாம, ஏதோ கடைக்கு வந்த பொண்ணு மாதிரி எட்ட நின்னு அளந்தாரு. இந்த வருஷக் கட்டம் மட்டும் நெரம்புச்சு.

அதுக்குக் கீழ கடைசி வரி. பத்து இஞ்சுன்னு நான்தான் எழுதினேன். பேரு எடத்துல என்ன எழுதுறதுன்னு அப்பாவைப் பாத்தேன். "அது அம்மா போடும்"ன்னாரு. விட்டுட்டேன்.

தாளைக் கிழிஞ்ச ஓரத்துல கம் தடவி ஒட்டியிருக்கேன். அந்த 'முடிஞ்சுது' துண்டையும் பெருசு வரியில அதே எடத்துல ஒட்டினேன். பாத்தா ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை பண்ணின மாதிரி இருக்கு. கண்ணு தெரியாதவங்க தடவினாக்கூட கண்டுபிடிச்சிருவாங்க. என் கையெழுத்து வேற. அம்மா மாதிரி எழுதலாம்னு மொத ரெண்டு கட்டத்துல பாத்தேன். எனக்கே கேவலமா இருந்துச்சு, என் கையெழுத்துலயே எழுதிட்டேன்.

ராத்திரி சாப்பிடுறப்ப அத்தை நோட்டைப் பாத்துட்டாங்க. பாத்துட்டு என்னைப் பாத்து ஒரு சிரிப்பு. "ஏண்டி, காலைல அந்த வீராப்பு பேசின, இப்ப ஒட்டு வேலையா? விடு. அவ வந்ததும் நானே பக்குவமா எடுத்துச் சொல்றேன், பாப்பாதான் கிழிச்சா, உன் நல்லதுக்குத்தான் கிழிச்சான்னு. நீ வாயத் தொறக்காத."

"வேணாம்க்கா"ன்னாரு அப்பா.

நான் நிமிந்து பாத்தேன். சோத்தைக் கையில வெச்சுக்கிட்டே பாத்தேன்.

"என்னடா வேணாம்?"ன்னாங்க அத்தை.

"இல்ல... எனக்கு இன்னும் சோறு வேணாம்"ன்னாரு.

அவ்ளோதான் எங்கப்பா. பெருசுக்கு வந்த கைதான் அவர்கிட்டேர்ந்து வந்துச்சு. வாய் நல்லவேளை யாருக்கும் வரல.

இப்ப எனக்குப் பயம் என்னன்னா, அத்தை முந்திக்குவாங்க. எட்டு மணிக்கு ஆட்டோ நின்னதும் வாசலுக்கு ஓடி, அம்மா உள்ள கால் வெக்கிறதுக்கு முன்னாடி, அந்தப் பக்குவத்தை அவுத்து விட்டுருவாங்க. 'உன் நல்லதுக்குத்தான்'னு ஒரு பூ வேற சொருகி. அம்மா அதைக் கேட்டா என்கிட்டேர்ந்து கேக்கணும். நான் கிழிச்சேன், கோவத்துல கிழிச்சேன், உன் நல்லதுக்கெல்லாம் இல்லன்னு. அன்னைக்கு 'ச்சீ'ன்னதையும் சொல்லணும். அதைச் சொல்ல வருமான்னு தெரியல. இப்ப உன்கிட்ட டைப் அடிச்சுப் பாத்தேன், வருது. வாயில வரணும்.

அதனால தூங்கப் போறதில்ல. அஞ்சு மணி ஆனதும் கடை ஷட்டரைப் பாதி தூக்கிட்டு அம்மா ஸ்டூல்ல நோட்டோட உக்காந்துக்கப் போறேன். ஆட்டோ கடை வாசல்லதான் நிக்கும். அத்தை வீட்டு வழியாச் சுத்தி வர்றதுக்குள்ள நான் ஆட்டோகிட்ட போயிரலாம். மெஷினுக்கு எண்ணெய் போட்டுட்டேன்.

அந்தப் பக்கத்தை இன்னொரு தடவ போய்ப் பாத்துட்டு வந்தேன். வேடிக்கையா இருக்கு. பொறக்காத மூணு பேருக்கும் வருஷா வருஷம் கட்டம் நெரம்பியிருக்கு. எனக்கும் புதுசா வந்ததுக்கும் மட்டும்தான் ஆளுக்கு ஒரே ஒரு கட்டம். இந்தப் பக்கத்துல நெசமா அளந்தது எங்க ரெண்டு பேரை மட்டும்தான்.

அம்மா அடிச்சா அடிக்கட்டும். அதுக்குப் பயம் இல்ல. எதுவுமே சொல்லாம டேப்பை எடுத்துக் கழுத்துல போட்டுக்கிட்டு, நின்னாவே வலிக்கிற உடம்போட, 'நில்லு பாப்பா, அப்பா அளந்தது தப்பா இருக்கும்'னு சொல்லிட்டா என்ன பண்ணுவேன்னுதான் தெரியல.

குறட்டை நின்னுருச்சு.